காஸ் துணி வாங்கப் போன மத்தியானங்கள்

தம்பி,

நேற்றுச் சாயங்காலம் நீ போனில் பேசும்போது பின்னால் பஸ் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "மெடிக்கல்ல நிக்கிறேன்பா, காஸ் துணி வாங்கிக்கினு இருக்கிறேன்" என்றாய். முந்தாநாள் பேசியபோதும் மெடிக்கல் கடையில்தான் நின்றாய். ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் போனுக்குக் கூப்பிட்டேன். "மாப்ள பிளாஸ்திரி வாங்கப் போயிருக்காருண்ணா, பாவம், சாப்பிடக்கூட இல்ல" என்றார். கல்யாணமாகி எட்டே மாதத்தில் குடல்வால் வெடித்து, அவசரமாக வயிற்றைத் திறந்து, பிறகு தையலும் ஒரு பக்கம் விட்டுப்போய், தினம் ஒரு வேளை புண்ணைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது சுகன்யாவுக்கு. அதற்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வாரத்தில் நீ வாங்கியிருக்கிற துணியை வைத்து, நீ இருக்கிற தாம்பரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டலாம்.

உங்கம்மா பக்கத்தில்தான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டாள். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "போன்ல சொல்லாதீங்க. சரிப்பா சரிப்பான்னு வச்சிடுவான். எழுதுங்க" என்றாள். என்ன எழுதுவது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆனதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் பேனா தொடாதவன், இன்று காலை இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கம்மாவுக்குக் குடலில் அடைப்பு வந்து ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அப்போது நீ புனேயில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓடி வந்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு நாள் கிடந்தாய், அம்மா கண்ணைத் திறந்து உன் பெயரைச் சொன்னதும் லீவு தீர்ந்து கிளம்பினாய். ஒரு முழம் குடலை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நீ போன பிறகு இரண்டு நாள் அவள் மருந்தின் மயக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தாள். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து, "பனமலை ஏரி ரொம்பிடுச்சி போலக்குதே" என்பாள். அவள் பிறந்த ஊர்ப் பக்கம் அது. "தண்ணி கால்ல சில்லுனு படுது. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வேட்டி நனையுது" என்பாள். நானும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காருவேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டில் மேல் அசைந்துகொண்டிருக்கும். அவள் ஏதோ நல்ல இடத்தில் இருக்கிறாள், நானும் கூட இருக்கிறேன் என்று மனசு லேசாகிவிடும். அந்த இரண்டு நாளும் எனக்குப் பயமே இல்லை.

பயம், ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனத்துக்கு வந்த பிறகு வந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தையலுக்குள் சீழ் கட்டி, டாக்டர் தையலைப் பிரித்துவிட்டார். "மேல மூடக் கூடாது. அடியிலிருந்து சதை வளர்ந்து தானா ஏறி வரணும். தினம் கட்டுப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார். உனக்குப் போனில் "லேசான புண்ணுதான், ஆறிக்கினு வருது" என்று சொன்னேன். லேசான புண் இல்லை தம்பி. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை நீளத்துக்குத் திறந்து கிடந்தது. முதல் நாள் எட்டிப் பார்த்தவன், கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான். புயலடித்து ஓய்ந்த மறுநாள், ஈரக் கம்பத்தில் இடுப்புக் கயிற்றை மட்டும் நம்பித் தொங்கியிருக்கிறேன். கூட வேலை செய்த ஆள் ஒருவர் ஷாக்கடித்துக் கருகியதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன், அதிலிருந்துதான் புண் என்றால் எனக்கு ஆகாது என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். அது சாக்கு. அவரைத் தூக்கி வண்டியில் போட்டதே நான்தான். அன்னியரின் புண்ணைப் பார்க்க முடிந்தது, உங்கம்மாவுடையதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நல்ல வேளையாக இரண்டு தெரு தள்ளி ஷம்ஷாத் சிஸ்டர் இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயராகி, குவைத்திலிருக்கும் புருஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். மத்தியானத் தொழுகையை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்துவிடுவார். பார்க்க வந்த சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்காதே. வந்தவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். அலமாரியில் பாட்டில் வைக்க இடமில்லாமல் டிவிக்கு மேலே அடுக்கினேன். குடலை வெட்டித் தைத்துப் படுத்துக் கிடக்கிற பெண்ணுக்கு இத்தனை ஹார்லிக்ஸ் எதற்கு? ஒரு ஆளாவது ஒரு சுருள் பஞ்சு, ஒரு பாட்டில் சலைன் வாங்கி வந்தானா? சிஸ்டர் ஒருவர்தான் முதல் நாளே பையிலிருந்து இரண்டு ஜோடி கிளவுஸ் எடுத்து வைத்தார். அப்போதிலிருந்து யார் வீட்டுக்கு நோயாளி பார்க்கப் போனாலும் நான் காஸ் துணி கட்டுத்தான் வாங்கிப் போகிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

டாக்டர் எழுதிய சீட்டில் சாதாரணத் துணி, பிளாஸ்திரி தவிர இன்னொன்றும் இருந்தது. கடல்பாசியில் செய்த பஞ்சு. புண்ணுக்குள் வைத்தால் கசிவையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கூழ்போல ஆகிவிடுமாம், எடுக்கும்போது சதையைப் பிய்க்காதாம். உங்கம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கடல்ல கெடக்கறது என் வயித்துக்குள்ள வந்து குந்திக்கப் போவுதா" என்று சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரிப்பாள். திண்டிவனத்தில் நம் வழக்கமான கடையில் கேட்டேன். "இது இங்க வராதுங்க. விழுப்புரத்துல சர்ஜிக்கல் கடையில கேளுங்க" என்றார் கடைக்காரர். அப்படித்தான் நான் விழுப்புரத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம், பஸ்தான் நினைத்தபோது கிடைக்கும். நான் மத்தியானப் பாசஞ்சரில் போனேன். அந்த ரயிலைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மயிலம் தாண்டும்போதே கண் செருகும். பேரணியில் யாரோ ஒரு கூடைக்காரம்மா ஏறுவார், கொய்யாப்பழ வாசனை பெட்டி முழுக்கப் பரவும். வெளியே வெட்டாத கரும்பு, உழுத நிலம், தண்ணீர் தேங்கிய குட்டையில் நிற்கிற நாரை, மறுபடியும் கரும்பு. முண்டியம்பாக்கம் வந்ததும் சர்க்கரை ஆலைப் பாகு வாசனை இனிப்பும் புளிப்புமாக மூக்கில் ஏறும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் எதிர் சீட்டில் உங்கம்மா உட்கார்ந்திருப்பாள். நிஜமாகச் சொல்கிறேன். பச்சைப் புடவையில், வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், முந்தானையில் கொய்யாவைத் துடைத்துக் கடித்துக்கொண்டு, "விழுப்புரம் வந்தா எழுப்புங்க" என்பாள். நானும் "சரி" என்பேன். ரயில் ஆடுகிற ஆட்டத்துக்கு அவள் தோள் ஆடும். வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறவளை நான் மறந்தே போய்விடுவேன்.

கடை ஸ்டேஷனுக்கு வெளியே, நடக்கிற தூரம்தான். அதை நடத்துகிற அம்மாவுக்கு என் வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். "யாருக்குங்க?" என்றார் முதல் தடவை. வீட்டம்மாவுக்கு என்றேன். அடுத்த தடவை, "ஆழம் கொறஞ்சிருக்குதா? எத்தினி விரக்கடை இருக்கும்?" என்றார். நான் பார்த்தால்தானே சொல்வதற்கு! "கொறஞ்சிருக்குதுங்க, ஒரு விரக்கடை" என்று அடித்துவிட்டேன். "யாரு கட்டுப் போடறது, நீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். "ஒங்கள மாரி ஆம்பளைங்க எத்தினி பேரு இருக்காங்க? துணிய வாங்கிக் குடுத்துட்டு வெளிய போய் நிக்கிறவங்கதான் எல்லாம். அந்தம்மா குடுத்து வச்சவங்க" என்று சொல்லி, ஒரு பாக்கெட் கிளவுஸை சும்மாவே பையில் போட்டார். அதை நான் வாங்கிக்கொண்டேன் தம்பி. வாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகவில்லை, நிமிர்ந்து நடந்தேன். திரும்பி வருகிற ரயிலில், எதிர் சீட்டுப் பச்சைப் புடவைக்காரியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது வாரம் நம் திண்டிவனம் கடைக்காரர் தெருவில் என்னை நிறுத்தினார். "சார், நீங்க கேட்ட அந்தப் பாசிப் பஞ்சு வரவழைச்சிட்டேன். இனிமே நீங்க அலைய வேணாம்" என்றார். எனக்கு ஏதோ பறிபோனது மாதிரி இருந்தது. "சரிங்க, வேணுன்னும்போது சொல்றேன்" என்று நழுவி, மறுநாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். உங்கம்மாவிடம் மூச்சு விடவில்லை. "விழுப்புரத்துக்குத்தான் போயாவணும், வேற வழியில்ல" என்று சலித்துக்கொள்கிற மாதிரி நடித்தேன். ரயில் போகிற நேரமும் சிஸ்டர் வந்து புண்ணைப் பிரிக்கிற நேரமும் ஒன்றாக அமைந்திருந்தது. அதைத் தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறவனைப் பார்த்துத் தெருவே மெச்சியது. பொண்டாட்டிக்காக இந்த வெயிலில் அலைகிறானே என்றார்கள். நம் வீடுகளில் ஆம்பளைக்கு வெளிவேலை என்று ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பார். அதைப் போல ஒளிந்துகொள்ள வசதியான இடம் வேறு கிடையாது. வாசல் தாண்டிப் போனாலே கடமை செய்த கணக்கில் வந்துவிடும்.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. கடையில் சாமான் வாங்கியாகிவிட்டது. பிளாட்பாரத்தில் வேப்பமர நிழல் விழுகிற பெஞ்சில் உட்கார்ந்தேன். திண்டிவனம் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். காற்று வந்தது, ஒரு நாய் என் செருப்புமேல் தலைவைத்துத் தூங்கியது, தண்டவாளம் வெயிலில் நெளிவதுபோலத் தெரிந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், உங்கம்மா. பஞ்சு கிடைத்ததா என்று கேட்பாள், கிடைத்தது என்று சொன்னால் உடனே கிளம்பிவிட வேண்டும். சத்தத்தை அமுக்கிவிட்டுப் பைக்குள் போட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அமுக்கினேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தப் பெஞ்சு சுகமாகத்தான் நினைவுக்கு வருகிறது, அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறைத் தொட்டுவிட்டது. முன்கதவு திறந்திருந்தது. உள் அறையில், பீரோக் கண்ணாடிக்கு முன்னால் உங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். நைட்டியைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நனைந்துபோன கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து அவர் புதுச்சேரிக்கு ஓடியிருக்கிறார். போகும்போது இவளுக்குச் சொல்லியிருக்கிறார், இவள் எனக்குப் போன் அடித்திருக்கிறாள். கசிவு அதிகமாகிப் புடவை, நைட்டி என்று இரண்டு தடவை மாற்றியிருந்தாள். என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். கடித்திருந்த துணியை விட்டாள். "வந்துட்டீங்களா? கையக் கழுவிக்கினு வாங்க, எனக்கு அடிப்பக்கம் எட்டல" என்றாள். எங்கே போனீர்கள், ஏன் எடுக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவளைக் கட்டிலில் சாய்த்தேன். விழுப்புரம் கடைக்கார அம்மா சும்மா கொடுத்த கிளவுஸை அன்றுதான் மாட்டினேன், கையில் ஏறவே மாட்டேன் என்றது. உங்கம்மா சொல்லிக்கொடுத்தாள். தினம் படுத்துக்கொண்டே சிஸ்டர் செய்வதையெல்லாம் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "ஒட்டிக்கினு இருக்கிற துணிய இழுக்காதீங்க. சலைன ஊத்தி ஊற உடுங்க, தானா வரும். ஆங், இப்ப எடுங்க. ஜல்தி வேணாம், மெதுவா." நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நகர்த்தினேன். "என்னப் பாக்காதீங்க, அதப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நான் பயந்திருந்த மாதிரி ஒன்றும் இல்லை தம்பி. உள்ளே செக்கச்செவேல் என்று, உரித்த மாதுளையின் முத்துகள்போலப் பொடிப்பொடியாகப் புதுச் சதை ஏறி வந்துகொண்டிருந்தது. நான் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் உடம்பு இங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணுத் தண்ணி உள்ள வுழப்போவுது, அந்தாண்ட திரும்பி அழுதுட்டு வாங்க" என்றாள். திரும்பி அழுதுவிட்டு, கிளவுஸை மாற்றிக்கொண்டு வந்து, கட்டுப் போட்டு முடித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிளாஸ்திரி நாலு பக்கமும் கோணலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான்தான் போட்டேன். சிஸ்டர் வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அந்த மத்தியான மூன்று மணி வேளையைப் பற்றி உனக்கு என்ன சொல்வது? தெரு அடங்கிக் கிடக்கும், ஜன்னல் துணி காற்றில் உப்பி அடங்கும், அவள் பனமலைக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள், நான் குனிந்து கையளவு இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே நேற்று இல்லாத ஒரு நூலளவு இன்று ஏறியிருக்கும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் அவளிடம் அத்தனை நேரம் சும்மா இருந்தது கிடையாது. ரயிலில் கண்ட சுகமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நீயும் இதைச் செய். தொடுவதற்கு முன்னால் "தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடு. நனைத்து எடு. சுகன்யாவின் டாக்டரம்மா சொன்ன அளவுக்குத் துணி வை, திணிக்காதே. வாடை மாறினாலோ, சுற்றிலும் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய். கை நடுங்கினால் நடுங்கட்டும், சுகன்யா பொறுத்துக்கொள்வாள். இப்போது கட்டுப் போடுகிற உன் மாமியார் நன்றாகத்தான் போடுவார். ஆனால் சுகன்யா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

புண் மூடி, சின்னக் கோடாக ஆன பிறகு ஒரு நாள், மனசு உறுத்தி உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திண்டிவனத்திலேயே பஞ்சு கிடைத்தது, பொய் சொல்லிவிட்டுப் போனேன், அன்றைக்குப் போனை வேண்டுமென்றேதான் அமுக்கினேன் என்று. அவள் கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அந்தக் கடைக்காரர் ஊட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு, அடுத்த நாளே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"இங்க இருக்கும்போது ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல. விழுப்புரம் போய்ட்டு வந்தா கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருந்திச்சி. நீங்களாச்சும் காத்து வாங்கிக்கினு வாங்கன்னு உட்டுட்டேன்."

வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு படுத்திருந்தவள் என்னைக் காற்று வாங்க அனுப்பியிருக்கிறாள் தம்பி. சுகன்யாவும் கேட்க மாட்டாள். வாங்கி வந்த துணியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் முகம் தெளிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். இதைப் படித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போ.